கூட்டத்தோடு ஓடவா, ஒருவரோடு நடக்கவா?

விடியற்காலையில் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் போனால் இரண்டு வகையினரையும் பார்க்கலாம். ஒரே நிற டி-ஷர்ட்டில் ஓட்டக் குழு. ஊர்க்கதை பேசியபடி நடக்கும் ஜோடிகள்.

குழுவின் பலம், நீங்கள் வராவிட்டாலும் அது நடக்கும். கல்யாணம், காய்ச்சல் என்று இரண்டு வாரம் விட்டுத் திரும்பினாலும் இடம் இருக்கும். 10 கி.மீ., 21.1 கி.மீ. என்று இலக்கு வைத்தவர்களுக்குப் பயிற்சி அட்டவணையும் கிடைக்கும். இருட்டில் கிளம்பும் பெண்களுக்குக் கூட்டமே ஒரு தைரியம். ஆனால் உங்களைக் காணோமே என்று யாரும் தேடாமலும் போகலாம். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை மட்டும் தூக்கிக்கொண்டு நான் ஆறு மாதம் ஓட்டியிருக்கிறேன்!

துணை ஒருவர் என்றால் அந்த வசதி இல்லை. தெருமுனையில் ஒருவர் காத்து நிற்கும்போது போர்வையை இழுத்து மூட மனம் வராது. 1920களில் ஜெர்மன் உளவியலாளர் ஓட்டோ கோலர், படகு வலிக்கும் வீரர்களை ஜோடியாக எடை தூக்கவைத்தார். பலம் குறைந்தவர், தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் இடையே வித்தியாசம் மிதமாக இருந்தபோதுதான் இது நன்றாகப் பலித்தது. ஆகவே மாரத்தான் ஓடும் மச்சானைத் துணைக்கு அழைக்காதீர்கள். உங்களைவிட நாலு எட்டு முந்துபவர் போதும்.

அவர் ஊருக்குப் போனால் உங்கள் நடையும் படுத்துவிடும், அதுதான் சிக்கல்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஓட்டு துணைக்கே. மூன்று மாதம் தாண்டியபின் குழுவைத் தேடலாம், அவரையும் இழுத்துக்கொண்டு.