ஸ்ட்ரிப்பா, மஷ்ரூம் பேட்ச்சா?

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் பஞ்சர் கடையில் குழம்பி நிற்பது இதில்தான்: வெளியிலிருந்து துளைக்குள் திணிக்கிற ரப்பர் திரியான ஸ்ட்ரிப்பா, உள்பக்கமிருந்து ஒட்டுகிற காளான் வடிவ ரப்பர் ஒட்டான மஷ்ரூமா?

நேரம்: ஸ்ட்ரிப், சக்கரத்தைக் கழற்றாமலே பத்து நிமிடம். மஷ்ரூமுக்கு டயரை ரிம்மிலிருந்து பிரிக்க வேண்டும்.

செலவு: மஷ்ரூம்தான் அதிகம்.

எவ்வளவு நாள் உழைக்கும்: ஸ்ட்ரிப் துளையை மட்டும் அடைக்கும், நாளாக நாளாகக் காற்று கசியலாம். மஷ்ரூமின் காம்பு துளையை நிரப்பும், குடை உள்பக்கம் அகலமாக ஒட்டிக்கொள்ளும். டயரின் உள்காயத்தையும் கண்ணால் பார்த்துவிடலாம். எனக்கு இதுவே பெரிய நிம்மதி.

எதைப் போட்டாலும் சோப்புத் தண்ணீர் விட்டு, குமிழி கிளம்புகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

ராத்திரி நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் ஸ்ட்ரிப் போதும், ஊர் போய்ச் சேரலாம். பிள்ளைகளோடு அடிக்கடி வெளியூர் போகிற வண்டிக்கு மஷ்ரூம்தான். துளை 6 மி.மீ.க்கு மேலோ, டயரின் பக்கவாட்டிலோ இருந்தால் இரண்டும் வேண்டாம், ஸ்டெப்னியை மாட்டுங்கள்.