மலைப்பனியில் நிலைக்கும் மின்னழுத்தம்: சாம்பிள் அண்ட் ஹோல்டுக்கும் கிளைடுக்கும் எந்தச் சுற்று?

ஒரு கணத்தில் உள்ள மின்னழுத்தத்தைப் பிடித்து, அடுத்த கிளாக் துடிப்பு வரும்வரை அதை அசையாமல் வைத்திருப்பது சாம்பிள் அண்ட் ஹோல்டின் வேலை. அப்படித் தாவித் தாவி மாறும் மின்னழுத்தத்தை வழுக்கிச் செல்லவைப்பது கிளைடின் வேலை. அனலாக் சிந்தசைசருக்காக இவ்விரண்டையும் ஒரே முகப்பலகையில் சேர்த்து வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புவோருக்குச் சுற்று வரைபடங்களுக்குப் பஞ்சமில்லை. உலர்ந்த அறையில் அவை எல்லாமே ஏறக்குறைய ஒன்றுபோல இயங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மூடுபனி ஜன்னல் வழியே உள்ளே வந்துபோகும் கோத்தகிரி வீட்டிலோ குன்னூர் வீட்டிலோதான் அவற்றின் வேறுபாடு காதுக்குத் தெரியும். எனவே இந்த ஒப்பீட்டில் ஈரத்தையே முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அனலாக் சிந்தசைசரில் சுருதியைத் தீர்மானிப்பது மின்னழுத்தமே. ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்ற வழக்கில் அரைச்சுரம் 83.3 மில்லிவோல்ட், அதில் நூறில் ஒரு பங்கான 1 சென்ட் 0.83 மில்லிவோல்ட். 100 நானோஃபாரட் மின்தேக்கியில் பிடித்துவைத்த மின்னழுத்தம் 100 பிக்கோஆம்பியர் கசிவால் நொடிக்கு 1 மில்லிவோல்ட், அதாவது 1.2 சென்ட் நகரும். அதே கசிவு 10 நானோஃபாரட் மின்தேக்கியில் 12 சென்ட் நகர்த்தும். நீண்ட சுரத்தில் அது அபசுரமாகவே ஒலிக்கும்.

பிடித்துவைக்கும் பகுதிக்கு முதல் போட்டியாளர் எல்.எஃப்.398 என்னும் ஒற்றைச் சில்லு. உள்ளீட்டு பஃபர் (மின்னழுத்தத்தைக் குலைக்காமல் அப்படியே கடத்தும் பகுதி), சுவிட்ச், வெளியீட்டு பஃபர் மூன்றும் அதற்குள்ளேயே உள்ளன. வெளியே ஒரு மின்தேக்கியும் ஒரு கிளாக் துடிப்பும் போதும். 25 டிகிரியில் அதன் கசிவு வழக்கமாக 30 பிக்கோஆம்பியர், உச்சவரம்பு 200. மின்தேக்கியை ஏற்றும் மின்னோட்டம் ஏறக்குறைய 5 மில்லிஆம்பியர் என்பதால், 100 நானோஃபாரடில் 10 வோல்ட் தாவலைப் பிடிக்க 200 மைக்ரோநொடி ஆகும். 1 மில்லிநொடித் துடிப்பு கொடுத்தால் தாராளம். இதைவிட எனக்குப் பிடித்தது அதன் கால்களின் வரிசை. மின்தேக்கி இணையும் 6ஆம் காலுக்குப் பக்கத்திலேயே 5ஆம் காலில் வெளியீடு இருக்கிறது. பிடித்துவைத்த மின்னழுத்தமும் வெளியீடும் ஏறத்தாழச் சமம் என்பதால், வெளியீட்டிலிருந்து ஒரு செப்புக் கோட்டை இழுத்து 6ஆம் காலையும் மின்தேக்கியின் முனையையும் சுற்றி வளைத்துவிட்டால், பலகையின் மேற்பரப்பு ஈரமானாலும் கசிவதற்கு அங்கே மின்னழுத்த வேறுபாடே இருக்காது.

இரண்டாவது போட்டியாளர் தனித்தனி உறுப்புகளால் ஆன சுற்று: முன்னால் ஓர் ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சுற்று), நடுவில் ஜே113 போன்ற ஜே-ஃபெட் (மின்னழுத்தத்தால் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) சுவிட்ச், பின்னால் டி.எல்.072 பஃபர். ஒவ்வோர் உறுப்பையும் நாமே தேர்ந்தெடுக்கலாம், பழுதானால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். எல்.எஃப்.398 கோவைக் கடைகளில் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெரு வரை தேட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். டி.எல்.072-இன் உள்ளீட்டுக் கசிவு வழக்கமாக 65 பிக்கோஆம்பியர். இது ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பாகும் தன்மையுடையது. ஆகவே கோவையில் 35 டிகிரியில் கசிவதில் நான்கில் ஒரு பங்கே கோத்தகிரியின் 15 டிகிரி அறையில் கசியும். மலைக்குளிர் நமக்குத் தரும் இந்தச் சலுகையை மலையின் ஈரம் பறித்துவிடாமல் பார்த்துக்கொள்வதே வடிவமைப்பின் சாரம்.

ஈரம் எவ்வளவு பறிக்கும்? பற்றாசுப் பசை துடைக்கப்படாத பலகையில், 12 வோல்ட் வேறுபாடுள்ள பக்கத்துக் கோட்டுக்கும் மின்தேக்கி முனைக்கும் இடையே 10 ஜிகாஓம் மேற்பரப்பு மின்தடை மட்டுமே மிஞ்சியதாகக் கொள்வோம். கசிவு 1.2 நானோஆம்பியர், 100 நானோஃபாரடில் நொடிக்கு 12 மில்லிவோல்ட், 14 சென்ட்டுக்கு மேல். சில்லின் சொந்தக் கசிவு இதற்கு முன் ஒன்றுமே இல்லை. ஒரு சுரத்தைப் பிடித்துவைத்துவிட்டு, துடைக்காத பலகையின் மேல் மெல்ல ஊதிப் பாருங்கள்: மூச்சின் ஈரம் படிந்ததும் ஆஸிலேட்டரின் சுருதி நகரத் தொடங்கி, ஈரம் உலர்ந்ததும் நகர்வு அடங்குவதைக் காதாலேயே கேட்கலாம். இதை மல்டிமீட்டரில் அளப்பவர்கள் பஃபரின் வெளியீட்டில்தான் அளக்க வேண்டும். மீட்டரின் 10 மெகாஓம் உள்ளீட்டை மின்தேக்கியிலேயே வைத்தால், ஒரு நொடிக்குள் பெரும்பகுதி மின்னூட்டம் மீட்டர் வழியே வடிந்துவிடும்.

டி.எல்.072-ஐப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. அதனுள் இருக்கும் இரு ஆப்-ஆம்புகளும் மின்னளவில் ஒன்றே, ஆனால் இருப்பிடத்தால் ஒன்றல்ல. முதலாவதன் உள்ளீடான 3ஆம் காலுக்கு ஒட்டினாற்போல 4ஆம் காலில் எதிர்மின் வழங்கல் நிற்கிறது. இரண்டாவதன் உள்ளீடான 5ஆம் காலுக்குப் பக்கத்தில் இருப்பது, பஃபராக இணைக்கும்போது வெளியீட்டோடு சேர்ந்துவிடும் 6ஆம் கால். ஆகவே பிடித்துவைக்கும் பஃபருக்கு இரண்டாவதையே எடுக்க வேண்டும். ஜே-ஃபெட்டைத் திறந்து மூடும் காலான கேட்டை ஓய்வுநிலைக்குக் கொண்டுவரும் 1 மெகாஓம் மின்தடையையும் முன் பஃபரின் பக்கம் கட்ட வேண்டுமேயன்றி மின்தேக்கியின் பக்கம் கட்டக்கூடாது. செப்புப் பட்டைகளும் துளைகளும் கொண்ட வெரோ போர்டில் செய்பவர்கள், மின்தேக்கி, ஜே-ஃபெட், 5ஆம் கால் ஆகிய மூன்றும் சேரும் முனையைப் பலகையில் படாமல் காற்றிலேயே பற்றவைப்பது நல்லது. பார்க்க அழகில்லைதான், ஆனால் காற்றைவிடச் சிறந்த மின்காப்பு நம் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. மற்ற இடங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின்பே வார்னிஷ் பூச வேண்டும்.

சி.டி.4066 சுவிட்சை விரைவாகக் கடந்துவிடலாம். மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் 12 வோல்ட் இருமுனை வழங்கலை நேரடியாகத் தாங்காது என்பதால் அதற்கென்று தனி வழங்கல் அமைக்க வேண்டும். சேமித்த பணம் அதிலேயே போய்விடும்.

நான்காவதாக, ஆர்டுயினோ நானோவும் எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் எம்.சி.பி.4822 டாக் சில்லும். இங்கே பிடித்துவைக்கப்படுவது எண் என்பதால் எத்தனை மணி நேரமானாலும் சுருதி கசியாது. மூடுபனியைப் பற்றிய கவலையே இல்லை. டாக்கின் ஒரு படி 1 மில்லிவோல்ட், போதுமான நுண்மை. ஆனால் நானோவின் 10 பிட் உள்ளீட்டில் 5 வோல்ட்டுக்கு ஒரு படி 4.9 மில்லிவோல்ட், ஏறக்குறைய 6 சென்ட். ஒருமுறை படிக்க ஏறத்தாழ 100 மைக்ரோநொடி ஆவதால், ஒலி அலைவரிசையில் கிளாக் கொடுத்து ஓசையையே படிப்படியாக வெட்டும் இன்பமும் இதில் குறைவு. அரைச்சுரங்களுக்குள் அடங்கிய தற்செயல் இசை மட்டும் போதுமென்பவருக்கு இதுவே சரியான வழி என்று தயங்காமல் சொல்வேன். மற்றவர்களுக்கு என் தேர்வு எல்.எஃப்.398, அது கிடைக்காதபோது காற்றில் பற்றவைத்த ஜே-ஃபெட் சுற்று.

எதைத் தேர்ந்தாலும், அனலாக் சுற்றில் மின்தேக்கி பாலிபுரோப்பிலீனாக இருக்க வேண்டும். ரேடியோ பழுதுபார்க்கும் கடைகளில் எளிதில் கிடைக்கும் பச்சை மைலார் மின்தேக்கி பழைய மின்னழுத்தத்தின் சாயலைத் தனக்குள் வைத்துக்கொண்டு, பிடித்த பிறகும் சிறிது பின்வாங்கும்; 5 வோல்ட் தாவலில் 0.3 சதவீதம் பின்வாங்கினாலே 15 மில்லிவோல்ட், 18 சென்ட்.

கிளைடில் இந்தக் கண்டிப்பு வேண்டாம். அங்கே மின்தேக்கி எப்போதும் இயக்கப்பட்டுக்கொண்டே இருப்பதால் சிறு கசிவு பொருட்டல்ல, மைலாரே போதும். 1 மெகாஓம் பொட்டும் (திருகி மாற்றும் மின்தடை) 1 மைக்ரோஃபாரடும் பின்னால் ஒரு பஃபரும் கொண்ட எளிய சுற்று விரைந்து கிளம்பி, மெதுவாகச் சென்று அமரும். சிறு தாவலும் பெருந்தாவலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடியும். கீபோர்டில் வாசிக்கும் மெட்டுக்கு இது இதமானது. டயோடுகளால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தனித்தனிப் பொட்டு வைத்தால், ஏற்ற ஜாருவையும் (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவது) இறக்க ஜாருவையும் வெவ்வேறு வேகத்தில் அமைத்துக்கொள்ளலாம். ஆனால் டயோடின் 0.6 வோல்ட் இழப்பை ஆப்-ஆம்பின் பின்னூட்டத்துக்குள் அடக்காவிட்டால் சுரம் இலக்கைத் தொடாமல் நின்றுவிடும்.

இரு மின்னழுத்தங்களை ஒப்பிடும் கம்பேரேட்டரும் மின்னழுத்தத்தைச் சீராக ஏற்றி இறக்கும் இன்டெகிரேட்டரும் சேர்ந்த நேர்கோட்டுக் கிளைடோ மாறாத வேகத்தில் நகரும்: நொடிக்கு 1 வோல்ட் என்றால் ஒரு ஸ்தாயிக்கு ஒரு நொடி, மூன்று ஸ்தாயிக்கு மூன்று நொடி. சாம்பிள் அண்ட் ஹோல்டுக்குப் பின்னால் வைக்க நான் இதையே விரும்புகிறேன். எளிய சுற்றில் ஒவ்வொரு கிளாக் துடிப்பிலும் புதிய வேகம் பிறப்பதால் தாளம் வெளியே தெரிந்துகொண்டே இருக்கும். நேர்கோட்டில், இலக்கு அதே திசையில் இருக்கும்வரை துடிப்பு கேட்காது. எல்.எம்.13700 என்னும் பெருக்கிச் சில்லைக் கொண்டு செய்தால் அந்த வேகத்தையும் மின்னழுத்தத்தால் ஆளலாம். 1 மைக்ரோஆம்பியர் 1 மைக்ரோஃபாரடை நொடிக்கு 1 வோல்ட் நகர்த்தும். அதன் இரு உள்ளீடுகளுக்கிடையே 5 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பதால் முன்னால் மின்தடைகளால் குறைத்தாக வேண்டும். எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவுக்கு இலக்கை நெருங்கும்போது வளைவு மென்மையாகும்.

1971இல் வந்த ஏ.ஆர்.பி. 2600 சிந்தசைசரில் சாம்பிள் அண்ட் ஹோல்டும், கிளைடின் வேலையைச் செய்யும் லாக் பகுதியும் ஒரே உடலில் இருந்தாலும் தனித்தனியே இணைக்கத் தக்கவை. நம் மாட்யூலிலும் அந்த வசதியை விட்டுவிடக் கூடாது. கிளைடின் உள்ளீட்டுக்குச் சுவிட்ச் உள்ள ஜாக்கைப் போட்டு, கம்பி செருகாதபோது சாம்பிள் அண்ட் ஹோல்டின் வெளியீடு தானாக வந்து சேரும்படி கட்டினால், வழக்கமான வரிசைக்குக் கம்பியே தேவைப்படாது. கம்பியைச் செருகி வரிசையைத் திருப்பி, கிளைடின் வெளியீட்டைச் சாம்பிள் அண்ட் ஹோல்டுக்குக் கொடுத்தால் வழுக்கல் படிக்கட்டாக மாறும்.