வேலிச் சண்டையும் மண் பொம்மைகளும்: என்.எஃப்.பி. தளத்தோடு நாலு வருடம்

நாலு வருடத்துக்கு முன் ஒரு கட்டணத் திரைப்படச் செயலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சந்தாவை நிறுத்திய பிறகும் இரண்டு மாதம் அட்டையில் காசு கழிந்தது. அந்த எரிச்சலில், காசில்லாமல் நல்ல ஆவணப்படம் எங்கே கிடைக்கும் என்று தேடியபோதுதான் என்.எஃப்.பி. தளம் கண்ணில் பட்டது. என்.எஃப்.பி. என்றால் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம். 1939இல் தொடங்கிய அரசு நிறுவனம். 2009இலிருந்து தன் படங்களை இணையத்தில் திறந்துவிட்டிருக்கிறது. கணக்குத் திறக்கவேண்டாம், விளம்பரமும் இல்லை. டொரொண்டோவின் ஸ்காபரோவில் இத்தனை வருடம் வரி கட்டியும் இது எனக்குத் தெரியாது!

ஆவணப்படம் தேடிப் போனவன் அனிமேஷனில் மாட்டிக்கொண்டேன். காரணம் எங்கள் வீடு. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். மகள் பிரெஞ்சில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். எனக்கோ வேலை முடிந்து வந்தால் எந்த மொழியும் தலைக்குள் ஏறாது. மூன்று பேரும் ஒரே சோபாவில் இருந்து பார்ப்பதென்றால் பேச்சில்லாத படம்தான் ஒரே வழி. அந்தச் சரக்கு இந்தத் தளத்தில் தாராளமாக இருக்கிறது.

முதலில் போட்டது நார்மன் மெக்லாரனின் 'நெய்பர்ஸ்'. 1952இல் எடுத்தது, எட்டு நிமிடம். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். எல்லையில் ஒரு பூ முளைக்கிறது. பூ யாருக்கு என்று தொடங்கி, வேலி அடைத்து, அந்த வேலிக்கட்டையையே பிடுங்கி அடிபடுகிறார்கள். உயிருள்ள நடிகர்களைப் பொம்மைபோல ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் படம்பிடித்திருப்பதால் ஆட்கள் புல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறார்கள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உது எங்கட ஊர் வேலிச் சண்டையெல்லோ தம்பி! கனடாக்காரனும் வேலி அரக்கிறவனோ? பார், கதியால் புடுங்கி அடிபடுறாங்கள்." யாழ்ப்பாணத்தில் இப்படி அரக்கிய, அதாவது அடுத்தவன் காணிக்குள் நகர்த்திய, இரண்டடி வேலிக்காகக் கோர்ட் ஏறிய குடும்பம் எங்களுடையது. அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இந்தப் படத்துக்கு ஆஸ்கார் கொடுத்தது குறு ஆவணப்படப் பிரிவில்! எந்த ஆவணத்தைக் கண்டார்களோ தெரியாது, ஆனால் அம்மா அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்வார்.

ஒரு எச்சரிக்கை. அதில் அந்த ஆண்கள் மனைவியையும் கைக்குழந்தையையும்கூட அடிக்கிற இடம் வருகிறது. மகளுக்கு அப்போது ஆறு வயது. நான் முன்கூட்டிப் பார்த்து வைக்காதது என் பிழை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

அவளுக்குப் பிடித்தது 'த சாண்ட் காசில்'. மணலில் செய்த பிராணிகள் கூடி மணல் கோட்டை கட்டும். கடைசியில் காற்று வந்து மூடிவிடும். கோ ஹோடெமன் எடுத்தது, 1977. அதே வருடம் குஜராத்தியரான இஷு படேல் அங்கே எடுத்த 'பீட் கேம்' எனக்குப் பிடித்தது. வெறும் மணிகள்தான். ஒன்றை ஒன்று விழுங்கி, விலங்காகி, மனிதனாகி, போராகி விரிகிறது. பின்னால் தபேலா அதிர்கிறது. இரண்டும் ஒரே பிரிவில் ஆஸ்காருக்குப் போட்டியிட, 'சாண்ட் காசில்' வென்றது. எங்கள் வீட்டிலும் வாக்கெடுப்பில் அதுவே வென்றது, என் ஒரு வாக்கு எதிராக.

பேச்சுள்ள படங்களில் 'த ஸ்வெட்டர்' மட்டும் தப்பியது. கியூபெக் கிராமத்துத் தாய் ஒருத்தி, ஆங்கில ஆர்டர் படிவம் விளங்காமல் கடைக்குக் கடிதம் எழுதிப் போடுகிறாள். மொன்றியல் ஐஸ் ஹாக்கி அணியின் சட்டை வேண்டிய மகனுக்கு எதிரணியான டொரொண்டோவின் சட்டை வந்து சேர்கிறது. மகள் பிரெஞ்சில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா படிவத்தோடு நின்றுவிட்டார்: "பாவம், என்னை மாதிரி."

முழுநீளக் கதைப்படம் தேடி வருகிறவர்களுக்கு இந்த இடம் அவ்வளவு தோதல்ல, அது குறைவு. ஆவணப்படம் வேண்டுமானால் அலானிஸ் ஒபோம்சாவினிடம் போங்கள். 1990இல் மோஹாக் பழங்குடி மக்களின் நிலத்தில் கோல்ஃப் மைதானத்தை விரிக்கப் போய் ராணுவம்வரை வந்த 78 நாள் முற்றுகையை, உள்ளேயே இருந்து படம்பிடித்தவர். 'கனெசட்டாக்கே', இரண்டு மணி நேரம். தமிழ் சப்டைட்டில் கிடையாது என்பதால் நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் ஆமிக்காரன் நிற்கிற காட்சியில் அம்மா என் கையைத் தட்டினார். "சொல்லாத. விளங்குது." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "இது கனடாவோ?" என்றார்.

ஊரிலுள்ளவர்களுக்கு ஒன்று: சில படங்கள் கனடாவுக்கு வெளியே திறக்காது. நான் மடிக்கணினியிலிருந்து ஒரு எச்டிஎம்ஐ வயர் இழுத்து டீவியில்தான் பார்க்கிறேன். நாலு வருடத்தில் எனக்கு ஆன செலவு அந்த வயர் மட்டும்.