பியானோ நோட்ஸ் (இசைக் குறிப்பு) படிக்க எது பெட்டர்: வாக்கியம் மனப்பாடமா, அடையாள நோட்டா?

பியானோ புதுசா ஆரம்பிச்சா முதல்ல காதுல விழுறது "எவ்ரி குட் பாய் டஸ் ஃபைன்" தான், அதாவது ட்ரெபிள் கிளெஃப்ல (வழக்கமா வலது கை வரிசைக்கு முன்னாடி போடுற குறி) கீழேருந்து அஞ்சு கோடும் அந்த வார்த்தைகளோட முதல் எழுத்து, இ ஜி பி டி எஃப், நடுவுல உள்ள 4 இடைவெளி எஃப் ஏ சி இ. அரை மணி நேரத்துல மண்டையில ஏறிடும். ஆனா வாசிக்க உக்காந்தா தான் தெரியும், நாலாவது கோட்டுல ஒரு நோட் வந்தா எவ்ரி, குட், பாய்னு எண்ணி டி-க்கு வர்றதுக்குள்ள தாளம் போயிடும். பேஸ் கிளெஃப்ல (வழக்கமா இடது கை வரிசைக்கான குறி) கோடு ஜி பி டி எஃப் ஏ, அதுக்கு வேற வாக்கியம்! ரெண்டையும் குழப்பி நான் மாசக்கணக்குல இடது கையில தப்பு தப்பா வாசிச்சேன்.

இன்னொரு வழி அடையாள நோட், அதுக்கு மூணே நோட் போதும். மிடில் சி (பியானோ நடுவுல இருக்கிற சி), ட்ரெபிள் கிளெஃப் சுருண்டு நிக்கிற ரெண்டாவது கோடு ஜி, பேஸ் கிளெஃப்ல ரெண்டு புள்ளிக்கு நடுவுல போற கோடு எஃப். மத்ததெல்லாம் அங்கேருந்து தூரம் பாக்கறது தான்: கோட்டுலேருந்து ஒட்டின இடைவெளின்னா பக்கத்து வெள்ளை கட்டை, கோட்டுலேருந்து அடுத்த கோடுன்னா நடுவுல ஒண்ண தாண்டி. முதல் ரெண்டு வாரம் ஆமை வேகம், கடுப்பாகும். ஆனா சி இ ஜி கார்டு (சேர்த்து அழுத்துற நோட்டுகள்) இட்லி தட்டு மாதிரி அடுக்கா நிக்கும்போது பேரெல்லாம் யோசிக்காம கை தானா போகும் பாருங்க, அந்த சுகம் வாக்கியத்துல கிடைக்காது.

சின்ன பசங்களுக்கு வாக்கியம் ஜாலி, இருக்கட்டும். என் ஓட்டு மூணு நோட்டுக்கு தான். எதுல போனாலும் நோட் மேல பென்சில்ல எழுத்து மட்டும் எழுதாதீங்க, கண்ணு அப்புறம் எழுத்தை மட்டும் தான் பாக்கும்.