எருமைக்கு எந்தக் குண்டு: .375-இல் நான் போட்டுப் பார்த்தவை

ஆப்பிரிக்காவுக்கு எருமை வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் மாதக்கணக்கில் ரைபிளைப் பற்றியே பேசுவார்கள், எந்தக் கம்பெனி, கட்டை என்ன மரம், ஸ்கோப் வேண்டுமா வேண்டாமா என்று. குண்டு வாங்கும்போது மட்டும் கடையில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதில் இரண்டு பெட்டி. நானும் அப்படித்தான் போனேன். டெக்சாஸில் இருபது வருஷமாகக் காட்டுப்பன்றி, மான் என்று சுட்டுப் பழகியவன், எனக்குத் தெரியாததா என்கிற திமிர் வேறு.

இதுவரை மூன்று பயணம், நான்கு எருமை. எல்லாம் ஜிம்பாப்வேயில், முதல் இரண்டு பயணமும் ஜாம்பெசிப் பள்ளத்தாக்கின் டாண்டே பகுதியில். ரைபிள் ஒன்றே, .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் (.375 என்பது அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம்). 1912-இல் வந்த தோட்டா, இன்றைக்கும் அங்கே பத்து வேட்டைக்காரர்களைக் கேட்டால் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். அந்த நாட்டுச் சட்டப்படி எருமை, யானை, நீர்யானைக்குக் குறைந்தது 9.2 மி.மீ. விட்டமும் 5300 ஜூல் ஆற்றலும் வேண்டும். .375 தன் 300 கிரெயின் குண்டை வினாடிக்கு 770 மீட்டர் வாக்கில் தள்ளுகிறது, கணக்குப் போட்டால் 5700 ஜூலைத் தாண்டும். சட்டத்துக்குப் போதும், எருமைக்கும் போதும், குண்டு உடையாமல் இருந்தால். (300 கிரெயின் என்றால் 19.4 கிராம். நம் கணக்கில் இரண்டரைப் பவுனுக்குக் கொஞ்சம் கம்மி.)

முதல் பயணத்தில் உடைந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், மானுக்கு அருமையான குண்டுதான், மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம், பட்டவுடன் பூப்போல விரியும். நம்மூர்க் குளத்தில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கிற எருமையை நினைத்துக்கொண்டு அங்கே போகக்கூடாது. கிடா 700 கிலோ வரும், விலா எலும்பு ஒவ்வொன்றும் அகலமான பட்டை, தோள் எலும்பு அதைவிட மோசம். எழுபது கெஜத்தில், தோளில் சரியாகத்தான் சுட்டேன். அது ஒரு முறை குலுங்கிவிட்டு ஜெஸ் புதருக்குள் போய்விட்டது. ஜெஸ் என்றால் நாலடிக்கு முன்னால் நிற்பது தெரியாத முள்ளடர்த்தி. அடிபட்ட எருமை அதற்குள் போய், திரும்பி வளைந்து, தன் தடத்தைப் பார்த்தபடியே நின்று காத்திருக்கும் என்று எங்களைக் கூட்டிப்போன பிஎச் முதல் நாளே சொல்லியிருந்தார். (தொழில்முறை வேட்டைக்காரரை அங்கே எல்லோரும் பிஎச் என்றுதான் சொல்வார்கள்.) நாலு மணி நேரம் தடம் பார்த்தோம். முடித்தது நான் இல்லை, அவருடைய .458 ரைபிள். தோலுரித்தவர்கள் தோள் சதையிலிருந்து எடுத்துக் கொடுத்தது கிழிந்த செம்பு உறை மட்டும். ஈயம் பொடிப்பொடியாகச் சதையிலேயே நின்றுவிட்டது, நுரையீரல் வரை போகவே இல்லை.

எனக்கு நடந்தது ஒன்றும் புதிதில்லை என்று பிறகுதான் படித்தேன். ஜான் நோஸ்லர் என்பவருக்கு 1946-இல் கனடாவில், உடம்பெல்லாம் சேறு காய்ந்த ஒரு மூஸ் மானிடம் இதே கதை. அவர் வீட்டுக்கு வந்து குண்டுக்கு நடுவில் ஒரு செம்புச் சுவர் வைத்தார். முன்பாதி விரியட்டும், பின்பாதி உடையாமல் உள்ளே போகட்டும் என்கிற யோசனை. அதுதான் பார்ட்டிஷன் குண்டு, 1948-இலிருந்து விற்பனையில் இருக்கிறது.

அதே யோசனையை இன்னும் கெட்டியாகச் செய்ததுதான் ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம். நடுவில் சுவர் உண்டு, அதோடு முன்பக்க ஈயத்தை உறையோடு ஒட்டவைத்துவிடுகிறார்கள், பிய்ந்து வராது. இரண்டாவது பயணத்துக்கு இதுதான். தோளுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் அடி. கிடா அறுபது அடி கூட ஓடவில்லை, விழுந்து, சாகும்போது விடுகிற அந்தக் கடைசிக் கதறல் வந்தது. குண்டு எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் காளான் மாதிரி விரிந்து கிடந்தது. ஊருக்கு வந்து தராசில் வைத்தேன், 291 கிரெயின். போனது ஒன்பதே கிரெயின்!

அடுத்தது பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ். ஈயமே கிடையாது, முழுக்கச் செம்பு, முனையில் உள்ள குழி திறந்து நாலு இதழாக விரியும். ஊடுருவுவதில் ஏ-ஃப்ரேமை மிஞ்சும், அதில் சந்தேகமே இல்லை. அதில் நான் சொல்கிற குறையும் அதேதான். மூன்றாவது பயணத்தில் இரண்டு எருமையையும் இந்தக் குண்டால்தான் சுட்டேன், ஒரு குண்டுகூடக் கிடைக்கவில்லை, இரண்டுமே மறுபக்கம் வெளியே போய்விட்டன. தனிக்கிடா என்றால் நல்லதுதான், இரண்டு ஓட்டை, ரத்தத் தடம் பார்க்க எளிது. மந்தை என்றால் பின்னால் நிற்கிற பெண் எருமைக்கும் சேர்த்து நீங்கள்தான் பொறுப்பு, அடிபட்டதற்கெல்லாம் கட்டணம் உண்டு. ஒரு பெண் எருமை நகரட்டும் என்று இருபது நிமிஷம் துப்பாக்கியை முக்கோலில் வைத்தபடியே நின்றேன், கை மரத்துவிட்டது. செம்பு ஈயத்தைவிட லேசானது, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும் என்பதையும் கவனியுங்கள். பழைய இரட்டைக்குழல் வைத்திருப்பவர்கள், குழலைப் பற்றித் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கைக் கேட்காமல் முழுச் செம்புக் குண்டைப் போடவேண்டாம்.

சிங்கம், சிறுத்தைக்கு இந்தப் பேச்சே வேறு. தோல் மெல்லியது, சீக்கிரம் விரிகிற குண்டுதான் வேண்டும்.

சரி, சாலிட். விரியவே விரியாத குண்டு. யானைக்கும் நீர்யானைத் தலைக்கும் இது இல்லாமல் முடியாது, யானையின் மண்டை தேன்கூடு மாதிரி அறை அறையான எலும்பு, மூளை அதற்குள் வெகு ஆழத்தில். எருமைக்கு முதல் அடி விரிகிற குண்டு, இரண்டாவதிலிருந்து சாலிட் என்பது பழைய வழக்கம். காரணம் எளிது, முதல் அடிக்குப் பிறகு அது பின்பக்கம் காட்டி ஓடும், அப்போது முன்னால் இருக்கிற இதயத்தை எட்ட ஈரப்புல் அடைத்த இரைப்பை முழுவதையும் குண்டு தாண்டவேண்டும். அந்தப் புல் மூட்டை நல்ல நல்ல குண்டுகளை எல்லாம் நிறுத்தியிருக்கிறது. உருண்டை மூக்குச் சாலிட் உள்ளே போய்த் திசை மாறும், தட்டை மூக்கு நேராகப் போகும். நான் வைத்திருப்பது பார்ன்ஸின் தட்டை மூக்கு, 300 கிரெயின்.

தட்டை மூக்கில் ஒரு தொல்லை, சில ரைபிள்களில் மேகசினிலிருந்து ஏறும்போது முனை இடறும். என்னுடையதில் மெதுவாக ஏற்றினால் பத்துக்கு ஒன்று இடறியது, போல்ட்டைப் பயமில்லாமல் வேகமாகத் தள்ளினால் ஒன்றும் இல்லை. ரேஞ்சில் நின்று சுட்டுத்தான் இது தெரிந்தது. இரண்டு வகைக் குண்டும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்பதும் அங்கேதான் தெரியும். என் ரைபிளில் ஐம்பது கெஜத்தில் ஏ-ஃப்ரேமுக்கும் சாலிட்டுக்கும் ஓர் அங்குலம் வித்தியாசம், எருமைக்கு அது ஒரு விஷயமே இல்லை. நண்பர் ஒருவருக்கு நாலு அங்குலம் வந்தது, அவர் சாலிட்டையே மாற்றினார்.

விலை என்று பார்த்தால் 20 தோட்டா கொண்ட பெட்டி நூறு டாலரைத் தாண்டும், வலிக்கத்தான் செய்யும். ஆனால் நிறைய வேண்டாம், விமானத்தில் ஆளுக்கு 5 கிலோதான் விடுவார்கள், நான் 60 தோட்டா எடுத்துப்போய் பாதிக்கு மேல் திரும்பக் கொண்டுவந்தேன். அடுத்த முறை முதல் தோட்டா ஏ-ஃப்ரேம், அதற்குக் கீழே மூன்றும் சாலிட். டிஎஸ்எக்ஸ் இரண்டு பெட்டி மிச்சம் இருக்கிறது, டெக்சாஸ் பன்றிகளுக்குத்தான்.