ஏற்காடு மலைப்பாதையில் இரண்டு வண்டிகள்: ஒரு பழுதுக் கணக்கு

வண்டிக்குச் செய்யும் ஒவ்வொரு செலவையும் தேதியும் கிலோமீட்டரும் போட்டு நோட்டில் எழுதி வைப்பது எனக்குப் பழைய வழக்கம். அந்த நோட்டில் இப்போது இரண்டு வண்டிகளின் கணக்கு இருக்கிறது. ஒன்று, 2017-இல் வாங்கி, மறு ஆண்டே படுக்கையும் அடுப்புப் பெட்டியும் வைத்துச் சிறிய கேம்பர் வேனாக்கிக்கொண்ட மாருதி ஈகோ. இதுவரை 91,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மற்றது, மைத்துனரும் நானும் பங்கு போட்டு 2021 இறுதியில் பழையதாக வாங்கி, 2025 தொடக்கத்தில் விற்றுவிட்ட 26 அடி நீள மோட்டார் ஹோம். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினும் ஏர் பிரேக்கும் பின்னால் இரட்டைச் சக்கரமும் கொண்ட பஸ் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் கட்டிய வண்டி அது. எங்களிடம் இருந்த மூன்று ஆண்டு சொச்சத்தில் 34,000 கிலோமீட்டர் ஓடியது. சிறியது சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கும். பெரியதற்கு அங்கே இடமில்லாததால் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் மாத வாடகைக்கு நிறுத்தியிருந்தோம்.

பெரிய வண்டியை வாங்கும்போது எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. லாரி, பஸ் எஞ்சின்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைப்பவை, ஆகவே பழுது குறைவாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். எஞ்சினைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆனால் வழக்கமான சர்வீசை நீக்கிவிட்டு நோட்டை எண்ணிப் பார்த்தால், பெரிய வண்டிக்கு மொத்தம் 61 பதிவுகள். அவற்றில் எஞ்சின், பிரேக், சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து 14 மட்டுமே. மீதி 47-உம் சேசிஸுக்கு மேலே கட்டப்பட்ட வீட்டுக்கானவை. ஈகோவில் நிலைமை நேர் தலைகீழ்: ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக 38 பதிவுகள், அவற்றில் 31 வண்டிக்கு, ஏழு மட்டும் உள்ளே இருக்கும் சாமான்களுக்கு.

முதலில் வண்டிப் பகுதியைச் சொல்லிவிடுகிறேன். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலே. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இந்த உயரம் முழுவதையும் ஏறி, திரும்பும்போது அதே உயரத்தை இறங்க வேண்டும். ஏழு டன் எடையுள்ள வண்டி 1,200 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றலை வீட்டு மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 23 யூனிட் வரும்; சாமான்களோடு 1.3 டன் இருக்கும் ஈகோவுக்கு நான்கு யூனிட்டுக்குச் சற்று அதிகம். இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயர் உராய்வும் கியரில் பிடிக்கும் எஞ்சினும் வாங்கிக்கொண்டாலும், எஞ்சியது முழுவதும் பிரேக்கில் சூடாகத்தான் போய்ச் சேர வேண்டும். இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்பவர்களை நான் மலைப்பாதையில் எப்போதும் முன்னே போக விட்டுவிடுவேன். அவர்களுக்கு முன்னால் இறங்குவது பாதுகாப்பல்ல.

பெரிய வண்டியில், புகைக் குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்ததால் இரண்டாம் கியரில் பொறுமையாக இறங்கினால் மிதியைத் தொடும் வேலையே குறைவு. தினமும் காலையில் ஏர் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவது ஒன்றுதான் அது கேட்ட பணிவிடை. ஒரு முறை தொப்பூர்க் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் பட்டை உடைந்தது. மெதுவாக உருட்டிக்கொண்டு ஓமலூர் அருகே வந்து, லாரி ஸ்பிரிங் வேலை மட்டுமே செய்யும் ஒரு பட்டறையில் விட்டோம்; மூன்று மணி நேரத்தில் புதுப் பட்டை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று சுற்றிலும் லாரித் தொழில் வேரூன்றிய மண் இது. இரவு பதினொரு மணிக்கும் பஞ்சர் ஒட்டவும், கிளட்ச் இறக்கவும், ரேடியேட்டர் பற்ற வைக்கவும் ஆள் கிடைக்கும். பெரிய வண்டியின் அடிப்பகுதிப் பழுதைப் பற்றி வேறு ஊர்க்காரர்கள் பயந்தால் நியாயம் உண்டு. சேலத்துக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை.

ஈகோவின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் மலைக்கும் சுமைக்கும் சேர்த்துப் பிறந்ததல்ல. இரண்டு பேர், 40 லிட்டர் தண்ணீர், சிலிண்டர், பாத்திரம், படுக்கை என்று ஏற்றிக்கொண்டு வளைவுகளில் அரைக் கிளட்சில் ஏறியதன் விளைவு, 46,000 கிலோமீட்டரிலேயே கிளட்ச் பிளேட் தேய்ந்தது. கியர் பாக்ஸை இறக்கி மாற்ற அரை நாள்தான் ஆனது. மற்றொரு முறை, மழையில் பதினான்காவது வளைவுக்குப் பக்கத்தில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துச் சூடு முள் மேலே போய்விட்டது. இந்த வண்டியில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. வெயில் காலத்தில் தொடை சுடுகிறது என்று அதற்காக நான் திட்டாத நாளில்லை. அன்றைக்கோ, நனையாமல் உள்ளேயே உட்கார்ந்து இருக்கையைத் தூக்கிப் பார்க்க முடிந்தது. ஆவி அடங்கும்வரை காத்திருந்தோம். அடிவாரத்திலிருந்து ஒரு மெக்கானிக் இரண்டு சக்கர வண்டியில் ஹோஸைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். உதிரிப் பாகம் தோளில் மாட்டும் அளவில் இருப்பதும், எந்த ஊர்க் கடையிலும் கிடைப்பதும், சிறிய வண்டியின் பெரிய பலம்.

இனி வீட்டுப் பகுதி. எங்கள் துன்பத்தில் முக்கால் பங்கு இங்கேதான்.

2022 நவம்பரில் நாகலூர்ப் பக்கம் ஒரு நண்பரின் காப்பித் தோட்டத்தில் பெரிய வண்டியை நிறுத்தித் தங்கியிருந்தோம். விடியற்காலையில் விளக்கைப் போட்டால் வெளிச்சம் பழுப்பாக விழுந்தது. அண்ணாந்து பார்த்தபோது, கூரையில் பதித்திருந்த வட்ட விளக்கின் பிளாஸ்டிக் மூடிக்குள் பாதிவரை டீ நிறத்தில் தண்ணீர் நின்றது. அதில் ஓர் எறும்பு மிதந்துகொண்டிருந்தது. சோலார் தகட்டின் சட்டத்தைக் கூரையில் பொருத்தும்போது தகரத்தைத் துளைத்து ஸ்குரூ முடுக்கி, மேலே சிலிக்கான் பூசியிருந்தார்கள். சேலத்து வெயிலில் காய்ந்து, வளைவுகளில் பாடி முறுக்கிக்கொடுக்கும்போது விரிசல் விட்டு, அந்த ஸ்குரூ ஓட்டைகள் வழியாக ஏற்காட்டு மழை உள்ளே இறங்கியிருக்கிறது. விளக்கை அவிழ்த்தால் மேலே பிளைவுட் ஊறி, விரலால் அழுத்தினால் நனைந்த ரொட்டி போல் உள்ளே போனது.

பட்டறைக்குக் கொண்டு போனால் அங்கே வேறொரு சிக்கல். தகர வேலைக்காரர் தச்சரைக் காட்டினார்; தச்சர், உள்ளே ஓடும் வயரை எடுக்காமல் பலகையைத் தொட மாட்டேன் என்றார்; எலக்ட்ரீஷியனோ சோலார் மாட்டியவர்தான் வர வேண்டும் என்றார். எங்கள் எஞ்சின் மேஸ்திரி மட்டும் ஒளிக்காமல் சொன்னார்: “கீழ இருக்கறத எல்லாம் நான் பாத்துக்கறேங்க. மேல இருக்கறது எனக்குத் தெரியாதுங்க.” இந்த ஒரு வாக்கியத்துக்குள் மோட்டார் ஹோமின் பழுதுக் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது. வண்டிக்கு ஒரு தயாரிப்பாளர், வீட்டுக்கு இன்னொருவர், வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் வேறொருவர் என்று பொறுப்பு சிதறிக் கிடக்கும்போது, நான்கு பேரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிறுத்தும் வேலை உரிமையாளரின் தலையில் விழுகிறது. பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுத்து, பாலியூரித்தேன் சீலன்ட் பூசி, இரண்டு பிளைவுட் தாள்களை மாற்றி முடிக்கப் பதினொரு நாள் ஆனது. அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஏணி போட்டுக் கூரையைத் தடவிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டோம்.

மின்சாரம் அடுத்த தலைவலி. முந்தைய உரிமையாளர் ஒரு டன் ஏசி, இன்வெர்ட்டர், 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி இரண்டு என்று வைத்திருந்தார். பார்க்கப் பிரமாதம். கணக்குப் போட்டால் இரண்டு பேட்டரியிலும் சேர்த்து 3.6 யூனிட், ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது 1.8 யூனிட். மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும் ஏசி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது. நாங்கள் இரவெல்லாம் ஓட்டப் பார்த்தோம். பதினான்கு மாதத்தில் இரண்டு பேட்டரியும் போயின. அதைவிடக் கொடுமை, உள்ளே ஓடிய வயர்கள் அத்தனையும் சிவப்பு, படமும் கிடையாது. தண்ணீர் பம்ப் விட்டு விட்டு நின்ற ஒரு பழுதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியனும் நானும் இரண்டு நாள் வயர் வயராகப் பின்தொடர்ந்து, ஒவ்வொன்றுக்கும் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதினோம். கடைசியில் குற்றவாளி, துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட். சேலத்து போர்வெல் உப்புத் தண்ணீரால் கீசர் காயிலில் வெள்ளையாகப் படிந்த கதையை இங்கே நீட்டவில்லை. காவிரித் தண்ணீர் பிடித்து ஊற்றத் தொடங்கியதும் அது தணிந்தது.

ஈகோவில் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்று, மின்விசிறி ஒன்று, விளக்கு இரண்டு, சிறிய ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். ஏழு ஆண்டுகளில் ஒரு ஃபியூஸ் போனது, ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் ஒரு முறை மாற்றியது. பெட்டிகள் எல்லாம் தூக்கி வைப்பவை என்பதால் பழுதானதை வீட்டுக்குள் எடுத்து வந்து மேசை மேல் வைத்துப் பார்க்கலாம். கழிப்பறை இல்லாததும் குறைதான். என் மனைவிக்கு அந்த வண்டியில் நீண்ட பயணம் வருவதில் இன்றும் தயக்கம் உண்டு, அதில் அவர் சொல்வதே சரி.

நிற்கும் வண்டிக்கு வரும் கேடு ஓடும் வண்டிக்கு வருவதில்லை என்பதையும் பெரிய வண்டியே கற்பித்தது. வாங்கும்போது ஆறு டயரிலும் பூ (தரையைத் தொடும் பள்ளக் கோடுகள்) நன்றாகவே இருந்தது. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படித்த பிறகுதான் உண்மை தெரிந்தது: முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. எங்கள் டயர்களில் 3214 என்று இருந்தது, அதாவது 2014-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். பக்கச் சுவரில் முடி போன்ற வெடிப்புகள். தேயாமலே கிழடாகிப்போன ஆறு டயரையும் மாற்றிய செலவு, ஈகோவின் மூன்று ஆண்டுப் பழுதுச் செலவைத் தாண்டியது. எலித் தொல்லையில் மட்டும் இரண்டு வண்டிக்கும் வேறுபாடு இல்லை; தோட்டத்தில் ஒரு வாரம் நின்றால் வயரைக் கடித்துவிடும்.

புதிதாக வாங்க நினைப்பவர்கள் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ளலாம். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பிஎஸ் 6 (புகை மாசு விதி) டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி இருக்கிறது. பெரிய எஞ்சின்கள் பலவற்றுக்கு யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் ஷெட்டுக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் மட்டும் ஓட்டினால் வடிகட்டி சுத்தமாகும் சூடு வராது. நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். இரண்டாவது, பதிவுச் சான்று. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க அனுமதிப்பதில்லை. மோட்டார் கேரவன்களுக்கு ஏஐஎஸ் 124 என்ற தனித் தரநிலையும் உண்டு. சான்றில் பஸ் என்றிருக்கும் வண்டியை வீடாகக் காட்டி விற்பவரிடம் பேரம் பேசுவதே வீண்.

என் தேர்வு என்னவென்று கேட்டால், இரண்டு பேர் மாதம் ஒரு முறை மலையேறுவதற்குச் சிறிய வண்டிதான். ஐந்தாறு பேர், வயதானவர்கள், வாரக்கணக்கில் பயணம் என்றால் பெரியது வேண்டும். ஆனால் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் கூரையைப் பார்க்க வேண்டும், வயரிங் படம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

எங்கள் வண்டியை வாங்க வந்தவர் சேசிஸுக்கு அடியில் படுத்துப் பார்த்தார், எஞ்சினை முடுக்கி அதன் சத்தத்தைக் கேட்டார், ஏர் ஏறுகிறதா என்று முள்ளைக் கவனித்தார், திருப்தியாகக் கையை உதறிக்கொண்டு எழுந்தார். மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. நானே போய் ஏணியை எடுத்து வந்து சாத்தினேன்.