பாட்டிலுக்குள் தோட்டம்: மூன்று வருட அனுபவம்

பல்லடத்தில் ஆடிக் காற்று கிளம்பினால் பெரணிச் செடி மூன்றே நாளில் சருகாகிவிடும். மூடிய கண்ணாடிக்குள் செடி வளர்க்கும் ஆசை எனக்கு அப்படித்தான் வந்தது. 2022-ல் ஆன்லைனில் 1,400 ரூபாய் கொடுத்து ஒரு டெரேரியம் கிட் வாங்கினேன். கலர் மணல், கூழாங்கல், ஒரு கைப்பிடி கரி, பச்சைப் பசேலென்று பாசி, இரண்டு சக்குலன்ட். பார்க்கச் சீர்த்தட்டு மாதிரி இருந்தது. நாற்பது நாளில் சக்குலன்ட் இரண்டும் அழுகிக் கூழாகிவிட்டன. வறண்ட இடத்துச் செடியை ஈரம் வெளியேறாத பாட்டிலுக்குள் வைத்தால் வேறென்ன ஆகும்? அந்தப் பாசியும் உயிருள்ளதல்ல, சாயம் ஏற்றிப் பதப்படுத்தியது. ஈரம் பட்டதும் சாயம் இறங்கி அடியில் பச்சைத் தண்ணீர் நின்றது, மேலே வெள்ளைப் பூசணம்.

அப்புறம் கிட் பக்கமே போகவில்லை. பெட்டிக்கடையில் மிட்டாய் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி அகல வாய் கண்ணாடி பாட்டில் ஒன்று பாத்திரக்கடையில் 260 ரூபாய்க்குக் கிடைத்தது. கை உள்ளே போக வேண்டும், அதுதான் முக்கியம். வாய் குறுகிய பாட்டில் அழகுதான். ஆனால் உதிர்ந்த ஓர் இலையை எடுக்க ஊதுபத்திக் குச்சியோடு அரை மணி நேரம் மல்லாட வேண்டும்.

அடியில் தண்ணீர் தேங்க இரண்டு விரல்கடை உயரத்துக்கு ஓட்டாஞ்சில்லு. களிமண் உருண்டை என்று தனியாக விற்பதும் சுட்ட மண்தான். தூசி போகக் கழுவினால் போதும். அதன்மேல் கொசுவலைத் துண்டு, அதன்மேல் மண். கரி விஷயத்தில் எல்லோரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஒரு பாட்டிலில் கரி போட்டேன், இன்னொன்றில் போடவில்லை. இரண்டு வருடமாக எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. போட்டே ஆக வேண்டுமென்றால் இஸ்திரி வண்டிக்காரரிடம் இரண்டு துண்டு சிரட்டைக்கரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் வேறு என்று புரிய ஒரு வருடம் ஆனது. என் இரண்டாவது பாட்டிலில் ஃபிட்டோனியா என்ற சின்னச் செடியின் இலை ஓரமெல்லாம் கருகியது. ஈரம் இருந்தது, வெளிச்சம் இருந்தது. ஒருநாள் கண்ணாடியில் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே வெள்ளையாக ஒரு வளையம் கண்ணில் பட்டது. விரலால் சுரண்டினால் உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் எங்கள் போர் தண்ணீரைப் பார்த்தேன்: 1,100, அவ்வளவு உப்பு. தொட்டியில் ஊற்றினால் உப்பு கொஞ்சமாவது அடி ஓட்டை வழியே வெளியேறும். பாட்டிலுக்கு ஓட்டையே இல்லை. தண்ணீர் ஆவியாகித் திரும்பத் திரும்ப மேலிருந்து சொட்டும். உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கும், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் சேரும். போதாததற்கு நான் போட்டிருந்தது கழுவாத கோகோபீட், அதாவது தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் தென்னை நாரிலேயே உப்பு உண்டு. இப்போது நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகுதான் மண்புழு உரத்தோடு கலக்கிறேன். ஊற்றுவதற்கு மழைத்தண்ணீர், இல்லாவிட்டால் கோயம்புத்தூர் அக்கா வீட்டிலிருந்து ஒரு கேன் உப்புக் குறைந்த சிறுவாணித் தண்ணீர். வருடத்துக்கு ஒரு லிட்டர்கூடச் செலவாவதில்லை.

பாசியைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஐப்பசி மழையில் தண்ணித்தொட்டியின் நிழல் பக்கச் சுவரில் தானாக வரும், கரண்டியால் பெயர்த்துக்கொள்ளலாம். கூடவே மக்கிய சருகு ஒரு பிடி போட்டால் வெள்ளைப் புள்ளியாகத் துள்ளும் ஸ்பிரிங்டெயில் பூச்சியும் வந்துவிடும். பூசணத்தை அது தின்னும், பயந்து மருந்தடிக்காதீர்கள்.

மூன்றாவது பாட்டில் போனதற்குச் சாமான் காரணமில்லை. சித்திரையில் ஒறம்பரை வந்திருந்தார்கள், அழகாக இருக்கட்டும் என்று யாரோ திண்ணை வெயிலில் எடுத்து வைத்துவிட்டார்கள். சாயங்காலம் திறந்தால் கடைந்த கீரை வாசம்.

1829-ல் லண்டனில் வார்ட் என்ற மருத்துவர் பாட்டிலுக்குள் ஈர மண்ணில் ஒரு கூட்டுப்புழுவை வைத்திருந்தார். அதில் தானாக முளைத்த பெரணியைப் பார்த்துத்தான் இந்த யோசனையே பிறந்தது. அவர் ஒன்றும் கிட் வாங்கவில்லை.

நான்காவது பாட்டிலுக்கு இப்போது இருபது மாதம். வடக்கு ஜன்னலோரம் நிற்கிறது. கடைசியாகத் தண்ணீர் விட்டது தை மாதம். அம்மிச்சி வரும்போதெல்லாம் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இதுக்கு மூச்சு முட்டாதா?" என்பார்.